கோச்சை

பக்கத்துக் கட்டில்காரன் கையிலிருக்கும் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தால் எத்தனை துண்டாகும் என்று தண்டபாணி யோசித்துக்கொண்டிருந்தான். அடிப்பதற்கு அவனுக்குக் காரணம் ஒன்றும் பெரிதாக வேண்டியதில்லை, ஆனால் இங்கே காரணமும் இருந்தது. கோயமுத்தூரில் இவ்வளவு பெரிய கண்ணாஸ்பத்திரி கட்டி, குழந்தைகளுக்கென்று தனி வார்டு வைத்து, சுவரெல்லாம் யானையும் முயலும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குள் உட்கார்ந்துகொண்டு இந்த ஆள், தன் பையன் இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்குகிறான் என்கிற நினைப்புகூட இல்லாமல், யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்க்கிறான். முதலில் போன், அப்புறம் மூக்கு. மூக்குத் தண்டில் முஷ்டி இறங்கும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி, அதைத் தண்டபாணி போன தை மாசம்தான் கேட்டான், ஆற்றங்கரைச் சேவல் சண்டையில், யாருடைய மூக்கு, ஏன், என்பதெல்லாம் இப்போது எதற்கு, ஒடிந்தது நன்றாகத்தான் ஒடிந்தது, அந்தச் சத்தம் தோள்பட்டை வரைக்கும் ஏறி இனித்தது. இப்போதும் கை ஊறியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். எதிரே கட்டிலில் அவனுடைய மகள் படுத்திருந்தாள்.

வர்ணிகாவின் வலது கண்ணில் பஞ்சு வைத்து, அதன் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து, நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். கண்ணைக் கசக்கிவிடக் கூடாதென்று இரண்டு முழங்கையிலும் அட்டையைச் சுருட்டிக் கட்டியிருந்ததால் கை மடங்காமல் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு கிடந்தாள். பஞ்சுக்கு அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கோடு காதை நோக்கி இறங்கியிருந்தது. கண்ணீரில் கொஞ்சம் ரத்தம் கலந்து வரும், பயப்படாதீர்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். பயப்படுவதா. ரத்தத்தைப் பார்த்தே வளர்ந்த ஆள் அவன். அதைச் சொல்லித்தான், உள்ளே ஒருத்தர்தான் இருக்கலாம் என்றபோது கோகிலாவை வெளியே தள்ளிவிட்டு இவன் வந்து உட்கார்ந்தான். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, விரலைக் கண்ணுக்குக் கீழே இழுத்து, அழுதாளா என்று ஜாடையில் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இல்லை என்று தலையாட்டும்போதெல்லாம் தண்டபாணிக்கு நெஞ்சு ஒரு விரற்கடை ஏறியது. மயக்கம் தெளிந்து வெளியே கொண்டுவந்ததிலிருந்து ஒரு சத்தம் இல்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் கூரையைப் பிரிக்கிற மாதிரி கத்தினார்கள், அந்தப் போன்காரனின் பையன் வாந்தி எடுத்து, அப்பனை எட்டி உதைத்து, நர்ஸின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். இவள் ஒற்றைக் கண்ணால் வாசலையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். என்ற மவ என்று எழுந்து நின்று வார்டுக்கே கேட்கச் சொல்லலாம் போலிருந்தது.

மாறுகண் ராசி என்று சொன்னது அவன் மட்டுமா. ஊரே சொன்னது. பொட்டைப் பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் பிறந்த வீடும் விளங்கும், போகிற வீடும் விளங்கும் என்று தொட்டில் போட வந்தவளெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். வர்ணிகா பிறந்த வருஷம்தான் முருங்கைக்காய் மண்டியில் அவனுக்கென்று ஓர் இடம் கிடைத்தது, அந்த வருஷம்தான் அவன் சேவல் முதல்முதலாகக் களத்தில் நின்று ஜெயித்தது. அப்புறம் எந்தச் சண்டைக்குப் போனாலும் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் போவான். காலில் கத்தி கட்டுவதற்கு முன்னால் சேவலை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பான். வலது கண் மெல்ல மூக்குப் பக்கம் நழுவினால் போதும், இன்றைக்கு நம்ம பக்கம். இப்படி வருஷக்கணக்காக அந்தக் கண்ணைத் தின்றிருக்கிறான். டீச்சர் சொன்னாள், கேட்கவில்லை. கோகிலா சொன்னாள், ஒன்று விட்டான் கன்னத்தில். கடைசியில் டாக்டரம்மா சொன்னது, மூளை அந்தக் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறது, இப்போது ஆபரேஷன் செய்து நேராக்கி, அப்புறம் நல்ல கண்ணை மூடிவைத்து இதை வேலை வாங்கினால் பார்வை திரும்பும், இன்னும் தள்ளிப்போட்டால் அது பார்ப்பதற்கு இல்லாத கண், சும்மா முகத்தில் இருக்கும் அவ்வளவுதான். அந்த மேஜையைக் கவிழ்த்துப் போட்டு டாக்டரம்மாவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. யாருடைய கழுத்தையாவது பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கோகிலா அரிவாளை எடுத்துத் திண்ணமாகச் சொல்லிவிட்டாள், இந்த லீவுக்குள் பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்காவிட்டால் காலையில் நீ எழும்போது கூடையில் ஒரு சேவலுக்கும் தலை இருக்காது. சொன்னால் செய்கிறவள்தான்.

பிள்ளையை முன்கூட்டியே பழக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பொம்மைக்குக் கட்டுப் போட்டு விளையாடுங்கள், சொட்டு மருந்து விடுகிற மாதிரி தண்ணீர் விட்டுப் பாருங்கள், தூங்கி எழுந்தால் அம்மா அப்பா பக்கத்தில் இருப்பார்கள் என்று தினமும் சொல்லுங்கள். கோகிலா பழைய துணியைக் கிழித்துப் பொம்மையின் கண்ணில் கட்டிவிட்டு, பாப்பா தூங்கி எழுந்திருச்சாளாம், பாலு குடிச்சாளாம் என்று பாடிக்கொண்டிருந்தாள். தண்டபாணிக்குச் சிரிப்பாக வந்தது. பொம்மைக்குக் கட்டுப் போட்டால் பிள்ளைக்குத் தைரியம் வருமா. ஓர் உயிரைத் தயார் செய்வது எப்படி என்று அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விடியற்காலையில் சேவலைத் தொட்டியில் நீந்தவிட்டுத் துடைத்து, தொடையை உருவிவிடும்போது அவளையும் எழுப்பி உட்கார வைத்தான். நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, இரண்டு இறக்கையும் முழங்கைக்குள் அடங்கினால் எந்தச் சேவலும் துள்ளாது. அதே பிடியில் அவளை மடியில் இறுக்கிக் கண்ணில் தண்ணீர் சொட்டுவிட்டான், துள்ளவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து பால்கூடக் கூடாது என்றார்களே, அதற்கும் சொன்னான், சண்டைக்குப் போற சேவலுக்கு இரைப்பை நிறையக் குடுக்க மாட்டோமில்ல சாமி, அது மாதிரி. அவள் புரிந்துகொண்டு தலையாட்டினாள். நீ களத்துக்குப் போகிறாய், அவ்வளவுதான் என்றான். களத்தில் மூன்று விஷயம். ஓடக் கூடாது. கண்ணை மூடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. அவள் விரலை விட்டு விட்டு எண்ணிப் பாடம் பண்ணினாள். கோகிலாவின் பொம்மை மூலையில் கட்டோடு கிடந்தது.

நர்ஸ் வந்தாள். வர்ணிகாவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்த்தாள், பெட்டியில் ஓடுகிற எண்ணைப் பார்த்தாள், குனிந்து, வலிக்குதா பாப்பா என்று கேட்டாள். வர்ணிகா இல்லை என்று தலையை ஆட்டினாள். தண்ணி வேணுமா, வேண்டாம், அம்மாகிட்டப் போகணுமா, அதற்கு மட்டும் உதடு நடுங்கியது, ஆனால் வேண்டாம். பரவாயில்லீங்க சிஸ்டர், அவ தாங்குவா என்று தண்டபாணி பெருமையாகச் சொன்னான். நர்ஸ் அவனைப் பார்த்த பார்வையில் பெருமை ஒன்றும் இல்லை.

"நாடி ரொம்ப வேகமா ஓடுதுங்க. வலி இருக்குன்னு மெஷின் சொல்லுது, பாப்பா இல்லேங்குது. இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு வலி இருக்கக் கூடாது. எங்க வலிக்குதுன்னு பாப்பா சொல்லலேன்னா, டாக்டர் வந்து திரும்ப உள்ள கொண்டுபோயி மயக்கம் குடுத்துத்தான் பார்ப்பாங்க. நீங்க பேசிப் பாருங்க."

திரும்ப உள்ளேயா. தண்டபாணி எழுந்து நின்றான், எதற்கு எழுந்தான் என்று தெரியாமல் மறுபடி கையின் மேலேயே உட்கார்ந்தான். ஒரு தடவை சாகடித்து எழுப்பினது போதாதா, அந்தக் கறுப்பு மூடியை மூக்கில் வைத்ததும் கண் செருகி, கை தொங்கி, கதவு வரைக்கும் கூட வந்தவன் அதைப் பார்த்தான், அறுத்துப் போட்ட சேவல் கடைசியாக ஒரு காலை நீட்டுமே, அப்படித்தான் அவள் காலை நீட்டினாள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னவனின் குடலை உருவ வேண்டாமா. மறுபடியும் என்றால் இந்த வார்டில் ஒரு கண்ணாடி மிஞ்சாது, யானையையும் முயலையும் சுவரோடு பெயர்த்துவிடுவான். சரி, உடைப்பது அப்புறம், முதலில் இவள் ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள். தாங்குகிறவள் என்று நர்ஸிடம் சொன்னான், வாய்க்கு வந்ததைச் சொன்னான். இவளா தாங்குகிறவள். கட்டெறும்பு கடித்ததற்கு மூன்று வீட்டுக்குக் கேட்க அழுதவள், தலைக்குச் சீயக்காய் போட்டால் ஒப்பாரி வைப்பவள். வெட்டித் தைத்த கண்ணோடு கிடக்கிறாள், பெட்டிக்குள் நாடி பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, வாய் மட்டும் பூட்டியிருக்கிறது. சத்தம் போடக் கூடாது. மூன்றாவது விரல் அது. அதைச் சொன்னது தைரியத்துக்காகத்தானே. சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லையே. சொன்னானா. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான் அன்றைக்கு, அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள், சத்தம் போட்டா என்னங்ப்பா ஆகும் என்று கேட்டாள், அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சத்தம் போட்டாத் தோத்தாச்சு சாமி என்றான். தோத்தா? தோத்தாக் கோச்சை.

கோச்சை என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. தோற்ற சேவல் ஜெயித்தவனுக்குக் கறி, அதுதான் கோச்சை, அவன் ஊர்ப்பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், இவளுக்கோ கண்ணால் பார்த்தே தெரியும். தை மாசம், ஆற்றங்கரை. அந்த மூக்கு. மூக்கு ஒடிந்ததைத்தான் இத்தனை நாளும் இனிக்க இனிக்க நினைத்துக்கொண்டிருந்தான், அதற்கு முன்னால் நடந்ததை நினைக்கவில்லை. பட்டாணி என்று அவள் பேர் வைத்திருந்த சேவல் அது, அவள் கையிலிருந்து பச்சைப் பட்டாணி தின்னும், அவள் போகிற இடமெல்லாம் பின்னால் போகும். களத்தில் எதிர்ச்சேவலின் கத்தி தொடையில் இறங்கியதும் ஒரு கத்துக் கத்திவிட்டுத் திரும்பிக்கொண்டது. முடிந்தது. உயிர் இருந்தது, இரண்டு தையல் போட்டால் பிழைக்கும், அவன் கையால் தைத்துப் பிழைத்த சேவல் எத்தனையோ. ஆனால் தோற்றது தோற்றதுதான். வர்ணிகா ஓடிவந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், கவுனெல்லாம் ரத்தம். குடுத்துறாதீங்ப்பா, குடுத்துறாதீங்ப்பா. சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், தண்டபாணி பிள்ளைக்காகக் கோச்சையைத் திருப்பிக் கேட்டான் என்று ஆகிவிடுமே. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான், கடைசி விரலை எடுக்கும்போது கொஞ்சம் திருகவும் செய்தான். தோத்தது நம்முளுது இல்ல சாமி என்று சொல்லி அதைத் தூக்கி நீட்டினான். வாங்கினவன் அங்கேயே கழுத்தைத் திருகி, வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். இறக்கை வெகுநேரம் அடித்தது. அப்போதுதான் எவனோ, ராசிக் கண்ணு என்னாச்சுடா என்று சிரித்தான், இவன் போய் அவன் மூக்கை ஒடித்தான். ஒடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பிள்ளை அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. அவள் நேரான கண் சேவலைப் பார்த்தது, மாறுகண் எங்கே பார்த்தது என்று இப்போது யோசித்தால் அது தன்னைத்தான் பார்த்தது என்று தோன்றுகிறது.

காலையில் ஆபரேஷன் அறைக் கதவில் பச்சைத் தொப்பி போட்ட டாக்டரம்மா வந்து கன்னத்தைத் தட்டியபோது, இவிய கோழிக்கறி திம்பாங்களாங்ப்பா என்று அவள் காதோடு கேட்டாள். நல்லாத் திம்பாங்க என்று அவன் உரக்கச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், டாக்டரம்மாவும் சிரித்து, ஆமா ஆமா, ரொம்பப் பிடிக்கும் என்றாள். அவள் எதற்குக் கேட்டாள் என்று தண்டபாணிக்கு இப்போதுதான் விளங்கியது. தன் மண்டையைத் தானே சுவரில் மோதி உடைக்க வேண்டும் போலிருந்தது, அதற்கும் நேரம் இல்லை. தொடைக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டு கட்டிலின் மேல் குனிந்தான்.

"சாமி. வலிக்குதா?"

அவள் வாசலைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் பேசினாள். "நான் சத்தமே போடலீங்ப்பா. ஓடலை. கண்ணையும் மூடலை. பஞ்சுக்குள்ள தொறந்தேதான் வெச்சிருக்கறேன். என்னை அவியளுக்குக் குடுத்துறாதீங்ப்பா."

வெட்டித் தைத்த கண்ணைப் பஞ்சுக்குள்ளே திறந்து வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், இமைக்கும்போதெல்லாம் பஞ்சு அறுக்கும், அறுக்க அறுக்கத் திறந்தே வைத்திருக்கிறாள், அப்பன் சொன்னான் என்று. தண்டபாணி அவள் நெற்றியைத் தடவினான். மூடிக்க சாமி, மூடிக்க, அழுதாத் தப்பில்லை, அப்பன் சும்மா சொன்னது, உன்னை யாருக்கும் குடுக்க மாட்டேன், அழு தங்கம் என்றான். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நம்பவில்லை. எதிரில் நிற்கிறவன் எப்படியெல்லாம் ஆசை காட்டிச் சத்தம் போட வைப்பான் என்றும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மகராசன் அவன்தானே. அவன் விரலைப் பிரித்து எடுத்த நாளன்றும் சாமி என்றுதான் கூப்பிட்டான். இவன் வாய்ச்சொல்லுக்கு இவளிடம் இனி மதிப்பு ஏது. வெளியே கோகிலா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். வராந்தாவின் கடைசியில் டாக்டரம்மாவின் பச்சைத் தொப்பி தெரிந்தது, வர்ணிகாவின் ஒற்றைக் கண்ணும் அதைப் பார்த்துவிட்டது, பெட்டியில் எண் ஏறியது.

தண்டபாணி வாயைத் திறந்து கத்தினான். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, அவனுக்கு அழத் தெரியாது, களத்தில் கத்தி இறங்கின சேவல் போடுகிற கத்தல்தான் அடிவயிற்றிலிருந்து வந்தது. போன்காரன் போனைக் கீழே போட்டான். தூங்கின பிள்ளைகள் எழுந்தன. நர்ஸ் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள், என்னங்க, என்னாச்சு என்று உலுக்கினாள், அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கத்தினான். கத்தக் கத்த அது அவன் நினைத்துப் போட்ட கத்தல் இல்லை என்று ஆகிவிட்டது, தொண்டை தானாகவே திறந்துகொண்டது, பட்டாணியின் இறக்கை அடித்த சத்தம், அவள் கடைசி விரல், கோகிலாவின் கன்னம், எல்லாமும் அந்த வழியாகவே வெளியே வந்தன, மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது.

அட்டை கட்டின ஒரு கை அவன் வாயில் வந்து இடித்தது. வர்ணிகா எழுந்து உட்கார்ந்து, மடங்காத கையால் அவன் வாயை அடைக்கப் பார்த்தாள். "சத்தம் போடாதீங்ப்பா. உங்களைக் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் கத்தினான்.

அவள் வாசலைப் பார்த்தாள். கதவு திறந்தது. டாக்டரம்மா உள்ளே வந்தாள், பின்னாலேயே கோகிலாவும் நுழைந்தாள், அவளை யாரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா அவன் காலைப் பிடித்துத் தூக்கவில்லை, கழுத்தைத் திருகவில்லை. முதுகில் கை வைத்து, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றாள். வர்ணிகா அவள் கைகளையே பார்த்தாள், அந்தக் கைகள் அவன் முதுகிலிருந்து எங்கே போகின்றன என்று கடைசிவரை பார்த்தாள். அவை ஒரு தம்ளரை எடுத்தன. அப்பா தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு அங்கேயேதான் இருந்தார்.

அப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள். பஞ்சு அறுக்குதும்மா, கண்ணு அறுக்குது என்று கோகிலாவைப் பார்த்துக் கதறிக்கொண்டு வந்த அந்த அழுகை யானை முயலெல்லாம் தாண்டி வராந்தா வரைக்கும் போயிற்று. நர்ஸ் பிளாஸ்திரியைப் பிரித்தாள், டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, லேசான கீறல்தான், நல்லவேளை இப்போதாவது சொன்னாளே என்று மருந்து விட்டு, இமையை மெல்ல மூடி, புதுப் பஞ்சு வைத்தாள். தண்டபாணிக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். மேலே இருந்து குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு கை தொங்கியது, அவன் அதன் கடைசி விரலைத் தொட்டான், பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். அவள் அன்றைக்கெல்லாம் அழுதாள்.